மேயோ சதுக்கத்துத் தாய்மார்களும் கேத்ரின் சிக்கிங்கும்

மனித உரிமை ஒப்பந்தங்கள் எல்லாம் வெறும் காகிதம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. வெறும் காகிதம்தான் என்றால், சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா ஏன் இன்னும் அதை உறுதிப்படுத்தவில்லை? நாளை இங்கேயே யாராவது அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறுவார்கள் என்ற அச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படிப் படியேறும் உள்ளூர் மனிதர்களைப் பற்றித்தான் அமெரிக்க அரசியல் அறிஞர் கேத்ரின் சிக்கிங்க் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். மார்கரெட் கெக்குடன் சேர்ந்து 1998இல் அவர் வெளியிட்ட நூலில் வரும் 'பூமராங்' கருத்து புகழ்பெற்றது. சொந்த அரசு காது கொடுக்காதபோது மக்கள் தங்கள் முறையீட்டை எல்லை தாண்டி அனுப்புகிறார்கள். அது பிற அரசுகள், சர்வதேச அமைப்புகள் வழியாகச் சுற்றி வந்து சொந்த அரசையே தாக்குகிறது. இதை விளக்குகிறவர்கள் பலர் வாஷிங்டனைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள். எறிந்தவர்களை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அவர்கள்தான் முக்கியம்.

அர்ஜென்டினாவைப் பாருங்கள். 1976 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டு ஏப்ரல் 30 அன்று, ராணுவம் கடத்திக் காணாமலாக்கிய பிள்ளைகளைத் தேடி ஒரு சில தாய்மார்கள் தலைநகர் புவனோஸ் ஐரிஸின் மேயோ சதுக்கத்தில் கூடினார்கள். அவர்களை ஒன்றுசேர்த்த அசுசேனா வில்லாஃப்ளோர் அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று கடத்தப்பட்டார். காணாமல்போனவர்களின் பெயர்களைத் தாங்கி, தாய்மார்கள் பணம் சேர்த்துக் கொடுத்த விளம்பரம் நாளிதழில் வந்ததும் அன்றுதான். 2005இல்தான் அவருடைய எலும்புகள் அடையாளம் காணப்பட்டன.

1979 செப்டம்பரில் வட, தென் அமெரிக்க நாடுகளின் கூட்டு மனித உரிமை ஆணையம் புவனோஸ் ஐரிஸுக்கு வந்தது. ராணுவம் மனம் மாறி அழைக்கவில்லை. நீர்மின் டர்பைன்களுக்கான அமெரிக்கக் கடன் முடங்கிக் கிடந்தது. அதை விடுவிக்க ஆணையத்தை அனுமதிப்பதே விலை. இதில் வாஷிங்டனின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆணையம் வந்து இறங்கியபோது மேயோ அவென்யூவில் புகார் கொடுக்க நீண்ட வரிசையில் நின்றவர்கள் யார்? அந்த நேரத்தில்தான் மரடோனா ஆடிய அர்ஜென்டினாவின் இளைஞர் கால்பந்து அணி ஜப்பானில் உலகக் கோப்பையை வென்றது. ரசிகர்களே, மேயோ அவென்யூவுக்குப் போங்கள், அர்ஜென்டினாவின் உண்மையான முகத்தை ஆணையத்துக்குக் காட்டுங்கள் என்று வானொலியில் வர்ணனையாளர் தூண்டினார். கொண்டாட்டக் கூச்சல் சூழ்ந்த அந்தத் தெருவில் தாய்மார்கள் வரிசையை விட்டு அசையவில்லை. ஆணையத்துக்கு வந்த புகார்கள் 5,580.

1982இல் பிரிட்டனுடன் நடந்த மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுப் போரில் தோற்றதால்தானே ராணுவம் விழுந்தது என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். தோல்வி ஆட்சியைக் கவிழ்த்தது, ஆனால் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அதற்குச் சாட்சியம் வேண்டும். மனித உரிமை அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த கோப்புகள் 1984இல், காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க புதிய அரசு அமைத்த குழுவின் கைக்குப் போயின. மறு ஆண்டு, ராணுவ ஆட்சியின் தலைவர்களாக இருந்த விடேலாவுக்கும் மசேராவுக்கும் ஆயுள் தண்டனை.

பிறகு சறுக்கல். 1986, 1987 சட்டங்கள் வழக்குகளை முடக்கின. தளபதிகள் மன்னிக்கப்பட்டு வெளியே வந்தார்கள். இங்கேதான் காகிதம் உதவியது. 1994இல் அரசியலமைப்பைத் திருத்தியபோது முக்கிய மனித உரிமை ஒப்பந்தங்களுக்கு அரசியலமைப்புக்கு இணையான இடம் தந்தார்கள். அதையும் ஊன்றுகோலாகக் கொண்டு 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. வழக்குகள் மறுபடி நடந்தன. இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். விடேலா 2013இல் சிறையில்தான் இறந்தார்.