பணம் கவுன்சிலுடையது, பொறுப்பு எல்லோருடையதும்

"இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) செலவில் நடக்கும் முதியோர் பராமரிப்பில் தகவல் கசிந்தால் கவுன்சில் மட்டும்தான் பொறுப்பு" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பராமரிப்புக் குறிப்புகளை வைத்திருக்கும் கேர் நிறுவனத்துக்கும் யுகே ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி நேரடிப் பொறுப்பு உண்டு, மென்பொருள் கொடுப்பவர்கூடத் தப்ப முடியாது. 2022 ஆகஸ்டில் அட்வான்ஸ்டு என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தாக்கியவர்கள் கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத ஒரு கணக்கு வழியாகத்தான் புகுந்தார்கள், 79,404 பேரின் தகவல் போனது, அதில் வீட்டிலேயே பராமரிப்பு பெறும் 890 பேரின் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்ற விவரமும் இருந்தது, எழுந்து நடக்க முடியாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து! 2025 மார்ச்சில் அந்த நிறுவனத்துக்குத் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் விதித்த அபராதம் சுமார் 30.7 லட்சம் பவுண்டு. அப்புறம், ஆபத்தான கசிவு தெரியவந்தால் 72 மணி நேரத்துக்குள் அந்த அலுவலகத்துக்குக் கேர் நிறுவனமே தெரிவிக்க வேண்டும், கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.