அக்கா செய்த பாவம் என்ன?

போன சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நாலு நாளாக இருந்தேன். முடியவில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்கள் வீடியோ பார்த்துவிட்டீர்கள், அதனால் முழுக் கதையும் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் சபை அக்காவை நாற்காலியிலிருந்து எழுப்பி நிறுத்தி, "அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கு, அதான் வலி போகல" என்று, பேச வந்த ஊழியக்காரர் மைக்கில் சொன்னது தப்பு. வேதத்தின்படியே தப்பு.

அக்காவுக்கு 11 வருஷமாக மூட்டுவாதம். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. காலையில் புட்டியின் மூடியைத் திறக்கக்கூட பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும். அவர்கள் எழுந்து நின்றபோது எல்லாரும் கை தட்டினீர்கள். நான் அவர்கள் வாயைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அரை நிமிஷம் அற்புதம் இல்லை, வேதனை.

பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். யோவான் 9. ஞாயிறு பள்ளியில் நாம் எல்லாரும் படித்ததுதான். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்றார். லூக்கா 13. 2025 மார்ச் 28 பூகம்பத்தில் மியான்மரின் மண்டலேயில் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இருந்தவர்களும், மடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிக்குகளும் இடிபாட்டில் போனார்கள். அன்று "இது தேவனுடைய நியாயத்தீர்ப்பு" என்று ஃபார்வர்ட் பண்ணினவர்கள் நம் சபையிலும் உண்டு. அந்த லூக்கா 13ஐ ஒரு தடவையாவது எடுத்து வாசித்திருக்கலாம்.

யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் இராப்பகலாகத் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தார்கள், கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்றார் யோபு. கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது யார்மேல்? அழுது புலம்பி, பிறந்த நாளையே சபித்த யோபுமேல் இல்லை. பக்தியாகப் பேசினவர்கள்மேல்.

"தழும்புகளால் குணமானீர்கள் என்று வசனம் இருக்கே" என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். பேதுரு அதை எழுதியது யாருக்கு? அநியாயமாக அடி வாங்கிக்கொண்டிருந்த வேலைக்காரர்களுக்கு. ஆறு வசனம் மேலே போய் வாசியுங்கள். "பெதஸ்தா குளத்தருகே குணமானவனிடம், இனிப் பாவஞ்செய்யாதே என்று ஆண்டவர் சொன்னாரே" என்பார் இன்னொருவர். சொன்னார். முதலில் குணமாக்கினார், பிறகு அவனைத் தேவாலயத்தில் கண்டு, அவனிடம் சொன்னார். கூட்டத்தில் நிறுத்தி வைத்துக் கேட்கவில்லை. "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே", அதாவது ஊழியக்காரரைக் குறை சொல்லாதே என்று சொல்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. அக்காவும் தேவனுடைய பிள்ளைதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

2009. அம்மாவுக்குப் புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. ரங்கூனின் ஏப்ரல் மாத வெக்கை, பாதி நாள் கரண்டு இல்லை. நானும் தம்பியும் மாறி மாறி பனையோலை விசிறியால் வீசுவோம். வலி வரும்போது லொங்கி முனையைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள், பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம். டாக்டர் கொடுத்த வலி மாத்திரை எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஜெபிக்க வந்த ஒருவர், "மாத்திரையை நம்புறீங்களா, இயேசுவை நம்புறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா போன பிறகு தலையணை உறையைக் கழற்றித் துவைக்கப் போனேன். உள்ளே ஒன்பது மாத்திரை. விழுங்கின மாதிரி காட்டிவிட்டு ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒன்பது தடவை எட்டு மணி நேரம். எங்கள் அம்மா விசுவாசத்தை நிரூபிக்க அந்த வலியைச் சும்மா பட்டார்கள்.

பவுல் தீமோத்தேயுவுக்கு என்ன எழுதினார்? உன் வயிற்றுக்காகவும், அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் குடி என்றார். உன் பாவம் என்ன என்று கேட்கவில்லை. துரோப்பீமுவை வியாதியோடுதான் மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தார். தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டினார், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவா? கெத்செமனேயில் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்ட ஆண்டவருக்கு விசுவாசம் குறைவா? உயிர்த்தெழுந்த பிறகும் ஆணிக் காயத்தைத்தானே தோமாவுக்குக் காட்டினார்.

இந்த மண்ணிலேயே பாருங்கள். 1813ல் ரங்கூன் வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயர், 1824ல் பிரிட்டிஷாரோடு யுத்தம் மூண்டபோது அன்றைய பர்மியத் தலைநகர் ஆவாவின் சிறையில் கால்விலங்கோடு கிடந்தார். ராத்திரியானால் கால்களை மூங்கிலில் கோர்த்து மேலே தூக்கிவிடுவார்கள். 1826ல் மனைவி போனார், அடுத்த வருஷம் கைக்குழந்தை மரியாவும் போனாள். பிறகு காட்டுக்குள் குடிசை போட்டு, சவக்குழி தோண்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவு துக்கம். அவர் மொழிபெயர்த்த வேதாகமத்தைத்தான் பர்மிய சபைகள் இன்றும் வாசிக்கின்றன. அவரையும் மைக் முன்னால் நிறுத்தி, என்ன பாவம் என்று கேட்பீர்களா?

சங்கீதம் 88 தேறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லாமல் முடிகிறது. அதை யாரும் திருத்தவில்லை, வேதத்தில் அப்படியே இருக்கிறது. அழுகிறவர்களுக்கு இடம் வைத்திருக்கிற புஸ்தகம் அது. நாம்தான் இடம் கொடுக்கவில்லை. பேசினவர் வெளியூர்க்காரர், பேசிவிட்டுப் போய்விட்டார். ஆமென் சொன்னது நாம். அக்கா வீட்டில் புட்டு சாப்பிட்டிருக்கிறோம், நம் பிள்ளைகளுக்கு ஜுரம் என்றால் ராத்திரி அக்காதான் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர்கூட எழுந்து "போதும்" என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மூணாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். "நானும் யோசிச்சுப் பார்த்தேம்மா, எந்தப் பாவம்னு தெரியல" என்றார்கள். நாலு நாளாக அதைத்தான் யோசித்திருக்கிறார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. மருந்து டப்பாவைத் திறந்து, ராத்திரி மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குகிறவரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.