பெற்றோர் கையெழுத்துப் போட்டால் ஆசிரியர் அடிக்கலாமா?

"ஒப்புதல் கடிதம் தந்த பெற்றோரின் பிள்ளையை ஆசிரியர் அடிக்கலாம், நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17: எந்தக் குழந்தையையும் உடலளவில் தண்டிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது. பெற்றோர் சம்மதித்தால் பரவாயில்லை என்று அதில் விலக்கு எதுவும் கிடையாது. "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று அப்பாவே சொன்னாலும் சரி, அடி வாங்காமல் இருப்பது பிள்ளையின் உரிமை. அதை விட்டுக்கொடுக்க அப்பாவுக்கு அதிகாரமில்லை. முட்டி போடவைப்பது, எல்லார் முன்னாலும் சாதி சொல்லித் திட்டுவது, இதெல்லாம்கூடத் தண்டனைதான்.

அந்தச் சட்டம் 14 வயது வரைதானே என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் கல்வி விதிகளில் 51ஆவது விதி 2003இலேயே திருத்தப்பட்டு, பள்ளிகளில் அடி தடைசெய்யப்பட்டுவிட்டது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் தடையைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. ஆசிரியர்மேல் போட்ட சில வழக்குகளை நீதிமன்றங்கள் ரத்து செய்தது உண்மை. அது அந்தந்த வழக்கின் தீர்ப்பு, பிரம்புக்குக் கொடுத்த உரிமம் அல்ல.

அப்புறம், "புகார் கொடுத்தால் டி.சி. கிழித்துவிடுவோம்" என்ற மிரட்டல். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 16. தயங்காமல் எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தலைமை ஆசிரியர் அசையாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் 1098.