24 நிமிடத்தில் வெளியே தள்ளும் தளங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே ஒரு அண்ணன் இருக்கிறார். மணலிப் பக்கம் ஒரு சி.எஃப்.எஸ். (துறைமுகக் கன்டெய்னர் சரக்கைக் கையாளும் கிடங்கு) ஆபீஸில் பில்லிங் பார்க்கிறார். மாதக் கடைசியில் கன்டெய்னர் கணக்கு மொத்தத்தையும் எக்செல்லில் போட்டு ஆபீஸ் சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டும். போன மாதமும் ஏற்றினார். திரையில் ‘பிராசஸிங்’ என்று வந்தது. அரை மணி நேரம் டீக்குக்கூட எழாமல் அதையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். கடைசியில் வந்து நின்றது லாகின் பக்கம்: ‘செஷன் எக்ஸ்பயர்ட்’. ஏறியதா, ஏறவில்லையா? அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. திரும்ப ஏற்றினார். காலையில் பார்த்தால் எல்லா பில்லும் இரண்டிரண்டு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார்.

“தம்பி, நான் சேரை விட்டு எழுந்துக்கவே இல்லப்பா. சும்மா இருந்தேன்னு சொல்லி வெளியே தள்ளிடுச்சு” என்றார்.

வெப் புரோகிராம் எழுதிச் சம்பாதிப்பவன் நான். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் சர்வருக்குப் புது ஆள் மாதிரிதான். ஆளை நினைவில் வைக்கத்தான் 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி குக்கீயைக் கொண்டுவந்தார்; பிரவுசரில் வைத்து, ஒவ்வொரு கோரிக்கையோடும் திரும்ப அனுப்பும் சின்னக் குறிப்பு அது. லாகின் செய்த ஆளை சர்வர் நினைவில் வைத்திருக்கும் காலமான செஷன் அதன் மேல்தான் நிற்கிறது. கடைசியாக எப்போது கோரிக்கை வந்ததோ அதிலிருந்து சர்வர் நேரம் எண்ணுகிறது. பி.எச்.பி. என்ற புரோகிராம் மொழியில் யாரும் மாற்றாவிட்டால் 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். வெப் புரோகிராம் ஓட்டும் வேறு சாஃப்ட்வேர்களான ஏஎஸ்பி டாட் நெட்டில் 20, டாம்கேட்டில் 30. சர்வர் அண்ணனுடைய ஃபைலை மென்றுகொண்டிருக்கும்போது அவரிடமிருந்து புதிதாக எதுவும் போகாது. அதனால் சர்வர் கணக்கில் அவர் சும்மா இருக்கிறார். சர்வர் வேலைக்காகவே காத்திருக்கும் மனிதரைச் சும்மா இருப்பவர் என்று எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “டைம் அவுட்டை எட்டு மணி நேரமாக்கிடு.” கூடாது என்பேன். டி.எச். ரோட்டில் என் நண்பன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். காசிமேட்டு அக்கா ஒருவர், காலை ஏலம் முடிந்த கையோடு, மகளுடைய ஸ்காலர்ஷிப் ஃபார்ம் போட அங்கே வந்தார். ஜெராக்ஸ் எடுக்க எழுந்து போனார். அடுத்த நிமிடமே அந்த சேரில் வேறு பையன். திரையில் அக்காவின் ஆதார் நம்பரும் பாஸ்புக் நம்பரும் அப்படியே திறந்து கிடந்தன. பூட்டு வேண்டும், அது குறைந்த நேரத்தில் விழவும் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை பின்னால் பிங் அடித்து (பிரவுசரே தானாக ஒரு கோரிக்கை அனுப்பி) செஷனைச் சாகவிடாமல் வைப்பதும் இதே ஆபத்துதான். டேப் திறந்திருக்கும் வரை கதவும் திறந்திருக்கும்.

அப்போ என்னதான் செய்வது? வேலையை செஷனிலிருந்து பிரித்துவிட வேண்டும். ஃபைலை வாங்கியதும் யாருக்கு என்ன உரிமை என்று அங்கேயே சரிபார்த்து, க்யூவில், அதாவது வேலைகளின் வரிசையில், போட்டு, ஒரு வேலை எண்ணைக் கையில் கொடுத்து, 202 (‘வாங்கிக்கொண்டேன், இன்னும் முடியவில்லை’) என்று உடனே பதில் சொல்லிவிடலாம். அந்த வேலை அண்ணனுடைய யூசர் ஐடியோடு கட்டப்பட்டிருக்கும். செஷன் செத்தால் சாகட்டும், வேலை பின்னால் ஓடும். திரும்ப லாகின் செய்தால் எத்தனை வரி ஏறியது, எத்தனை பாக்கி என்று காட்டட்டும். ஒரு முறை ஏற்றியதற்கு ஒரு சாவி, அதாவது அடையாள எண், கொடுத்துவைத்து, அதே ஃபைல் மறுபடி வந்தால் பழைய வேலையையே காட்டட்டும். இது ஒன்று இருந்திருந்தாலே அவருக்கு அந்த ஞாயிறு மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். பிரவுசரில் அடுத்த டேப்பில் வேறு பக்கம் திறந்தாலும் அசையவில்லையாம், நெட் ஸ்லோ என்று நினைத்துக்கொண்டார். பி.எச்.பி. செஷனை ஃபைலாக வைத்திருந்தால், ஒரு கோரிக்கை அதைப் பிடித்திருக்கும் வரை அதே ஆளின் அடுத்த கோரிக்கை வாசலிலேயே நிற்கும். நீண்ட வேலைக்குள் நுழையுமுன் செஷனை எழுதி மூடிவிட்டால் தீர்ந்தது. ஒரே ஒரு வரி.

சின்ன கம்பெனிக்கு க்யூ எல்லாம் கட்டுப்படியாகாது என்பார்கள். இருக்கிற டேட்டாபேஸில் ஒரு டேபிள், நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஓடி அதைப் பார்க்கும் ஒரு கிரான் வேலை. ஆரம்பிக்க இது போதும்.

வெளியே அனுப்புமுன் எச்சரிப்பதையும் விட்டுவிடக் கூடாது. வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி, நேரத்தை நீட்டிக்கொள்ள குறைந்தது 20 வினாடி கொடுக்கச் சொல்கிறது. கண் சரியாகத் தெரியாதவர், மெதுவாக டைப் செய்பவர் எல்லாருக்குமாக எழுதியது அது.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை சாஃப்ட்வேர்காரர்களுக்கு அனுப்புகிறார். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். அதற்குள் சரியாகாவிட்டால், லாகின் பக்கம் வந்ததும் திரும்ப ஏற்றாதீர்கள், முதலில் பில் லிஸ்டைப் பாருங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.