டொலருக்கு வரி இல்லையாம்!

"வெளிநாட்டுக் காசுக்கும் இலவசமா வாற சாமானுக்கும் வரியே இல்ல" எண்டு மேலே எழுதின தம்பி, டொலர் விசயம் பழைய கதை. இலங்கையில, வெளிநாட்டுக்கு வேலை செஞ்சு பேங்க் வழியா வந்த காசுக்கு இருந்த வரி விலக்கு 2025 மார்ச் 31ஓட முடிஞ்சுது. இப்ப அதுக்கு ஆகக்கூடின வரி 15 வீதம்.

அதுக்காகப் பயப்படவும் தேவையில்ல. வருசத்துக்கு 18 லட்சம் ரூபா நிவாரணம் இருக்கு, அந்தளவு வருமானத்துக்கு வரி இல்ல. கல்லடியில வீட்டில இருந்து மாசம் 60 ஆயிரத்துக்கு டிசைன் செய்யிற பிள்ளைக்கு, வேற வருமானம் இல்லாட்டி, கட்ட ஒண்டும் வராது. கச்சேரியில (அரச அலுவலகத்தில) எடுக்கிற சம்பளத்தோட இரவில இதையும் செய்யிறவங்க ரெண்டையும் கூட்டித்தான் பாக்கணும். இதைத்தான் கனபேர் மறக்கிறாங்க.

ஆப் போட்டதுக்குக் கிடைச்ச டேட்டாவை ஆரும் தேடி வரப்போறதில்ல. காத்தான்குடிக் கடைக்காரர் வீடியோ போடச் சொல்லித் தந்த போன் வேற கதை. தொழிலுக்காக வந்த பரிசும் தொழில் வருமானம்தான். சந்தை விலை கணக்கில வரும்.