இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஸ்டெம் செல் ஆய்வுக்கு ஆள் எடுக்காதீர்கள்

மனித ஸ்டெம் செல் (பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்), ஜீனோம் (செல்லின் முழு மரபணுத் தொகுதி) இரண்டையும் சேர்த்து ஆராயும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வாளர்) வேலைகளுக்கான விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. முதலில் ஓர் ஆண்டு, வேலை திருப்தியாக இருந்தால் நீட்டிப்பு. இல்லையென்றால் நேரடியாக இரண்டு ஆண்டு. அதற்குள் நோயாளியின் செல்லிலிருந்து ஐபிஎஸ் செல் (சாதாரண செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பியது) உருவாக்கி, கிரிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் கருவியால் திருத்தி, நரம்பு செல்லாக மாற்றி, செல் செல்லாக எந்த ஜீன்கள் இயங்குகின்றன என்று வாசிக்கும் ஒற்றைச் செல் சீக்வென்சிங் செய்து, வந்த தரவை அலசி, கட்டுரையும் எழுதிவிட வேண்டும். இந்த வேலையிலேயே கிடப்பவர்களில் ஒருத்தியாகச் சொல்கிறேன்: ஒழுங்காகச் செய்தால் அது இரண்டு வருடத்தில் முடிகிற காரியமே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரத்த செல்லிலோ தோல் செல்லிலோ யமனாகா காரணிகளை (செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பும் ஜீன்கள்) செலுத்தினால் ஐபிஎஸ் செல் காலனிகள் கண்ணுக்குத் தெரியவே மூன்று நான்கு வாரம் ஆகும். அவற்றைப் பொறுக்கியெடுத்து வளர்க்க வேண்டும். செண்டாய் வைரஸ் வழியாகச் செலுத்தியிருந்தால், அந்த வைரஸ் முழுக்க நீங்கும்வரை பாசேஜ் மேல் பாசேஜாக (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றுவதுதான் பாசேஜ்) கொண்டுபோக வேண்டும். அப்புறம் உறையவைத்து, சோதித்து முடிக்கச் சில மாதங்கள். கிரிஸ்பர் திருத்தம் என்றால் ஒற்றைச் செல்லிலிருந்து மறுபடியும் குளோன் வளர வேண்டும். டஜன் கணக்கில் பொறுக்கி, அதில் சரியான திருத்தம் உள்ளதைத் தேடி, வேண்டாத இடத்தில் வெட்டு விழவில்லை என்று உறுதிப்படுத்த இன்னும் சில மாதங்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் நாம் கேட்க வந்த கேள்வியே ஆரம்பிக்கிறது. இதய செல் இரண்டு வாரத்துக்குள் தட்டில் துடிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் அது கருவிலிருக்கும் சிசுவின் இதய செல்லைத்தான் ஒத்திருக்கும். மூளைப் புறணியின் நரம்பு செல்கள் முதிர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக உழைத்தால் இதைச் சுருக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள், லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்திலிருந்து 2020இல் தெரெசா ரயோன், ஜேம்ஸ் பிரிஸ்கோ குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். சுண்டெலியின் ஸ்டெம் செல், மனித ஸ்டெம் செல் இரண்டையும் மோட்டார் நரம்பு செல்களாக மாற்றி, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தார்கள். மனித செல்லுக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு நேரம் ஆனது. மனித செல்லில் புரதங்கள் சிதையாமல் அதிக நேரம் நிலைத்திருப்பதோடு இந்த வேக வித்தியாசம் பொருந்தி வந்தது. தன் வேகத்தைச் செல்லே வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் வந்து செல் வளரும் திரவமான மீடியாவை மாற்றலாம், இரவெல்லாம் விழித்திருக்கலாம். அதனால் ஒரு நரம்பு செல் ஒரு நாள்கூட முன்னதாக முதிராது.

நேரம் போதாதபோது ஆய்வகத்தில் முதலில் கைவிடப்படுவது சோதனைகள்தான். எனக்குப் பெரிய கவலை இங்கேதான். ஸ்டெம் செல்லைத் தட்டில் வளர்க்க வளர்க்க அதன் ஜீனோம் மாறும். 20ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு சின்னப் பகுதி அடிக்கடி இரட்டித்துவிடுகிறது. அந்தப் பகுதியில் பிசிஎல்2எல்1 என்ற ஜீன் இருக்கிறது. அது செல்லைச் சாகவிடாமல் காக்கும். அந்த மாற்றம் கொண்ட செல்கள் மற்றவற்றைவிட அதிகமாகப் பிழைப்பதால், சில பாசேஜ்களிலேயே தட்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கமான கேரியோடைப் சோதனையில் இது பல நேரம் தெரியாது, அவ்வளவு சின்னது. பார்வைக்குக் காலனிகள் அழகாக, முன்பைவிட ஆரோக்கியமாகவே தெரியும்! இப்படிப்பட்ட ஒரு லைனை (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) நோயாளியின் லைனோடு ஒப்பிட்டு ஆர்என்ஏ சீக்வென்சிங் செய்தால் நூற்றுக்கணக்கான ஜீன்களில் வித்தியாசம் காட்டலாம். அதில் எது நோயினால், எது அந்த இரட்டிப்பினால் என்று யார் சொல்வது?

2017இல் ஃபுளோரியன் மெர்க்கிள், கெவின் எக்கன் உள்ளிட்டோர் 140 மனிதக் கரு ஸ்டெம் செல் லைன்களைச் சீக்வென்ஸ் செய்து பார்த்தார்கள். அவற்றில் ஐந்தில், புற்றுநோய்களில் காணப்படும் டிபி53 ஜீன் மாற்றங்கள் இருந்தன. சிகிச்சைப் பக்கம் வந்தால் இது இன்னும் தீவிரமாகிறது. ஜப்பானில் மசாயோ தகாஹாஷி குழுவினர் 2014இல் ஐபிஎஸ் செல்லிலிருந்து உருவாக்கிய விழித்திரை செல்களை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அடுத்த நோயாளிக்கான செல்களில் மரபணு மாற்றங்கள் தெரியவந்ததும் அந்தச் சிகிச்சை நிறுத்தப்பட்டது. ஜீனோமைப் பார்த்ததால்தான் நிறுத்த முடிந்தது. அந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். கட்டுரைக் கெடுவுக்குள் ஓடும் ஒரு போஸ்ட்டாக்கிடம் அதே நிதானத்தை எதிர்பார்க்கிறோம். அதற்கான அவகாசத்தை மட்டும் கொடுப்பதில்லை.

எத்தனை பேரின் செல்கள் வேண்டும் என்பதும் இதே சிக்கல்தான். பிரிட்டனின் ஐபிஎஸ் செல் திட்டமான ஹிப்சை 2017இல் ஆரோக்கியமான 301 பேரிடமிருந்து உருவாக்கிய 711 ஐபிஎஸ் லைன்களின் முடிவுகளை வெளியிட்டது. லைன்களுக்குள் காணப்பட்ட வேறுபாட்டில், எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து, 5 முதல் 46 சதவீதம் வரை ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தால் வந்தது. நோயாளிகள் மூன்று பேர், நலமானவர்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொண்டு நோயின் தடயத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் கட்டுரைகளை இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

சீக்வென்சிங் வேகமாகிவிட்டது உண்மை. ஆனால் தரவை வாசிப்பதற்கு அந்தச் செல்லைத் தெரிந்திருக்க வேண்டும். திசுவிலிருந்து செல்களைப் பிரித்தெடுக்கும்போதே ஃபாஸ், ஜூன் போன்ற ஜீன்கள் கிளர்ந்தெழும் என்று 2017இல் தசை ஸ்டெம் செல்களில் காட்டியிருக்கிறார்கள். பிரித்தெடுத்தவருக்கு அன்றைக்கு எந்தக் குழாய் செல்களைப் பிரிக்கும் நொதியில் கூடுதல் நேரம் கிடந்தது என்று தெரியும். கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு அது ஒரு புதிய செல் வகையாகத் தெரியலாம். இரண்டையும் ஒருவரே கற்றால்தான் இந்தத் துறை உருப்படும் என்பது என் உறுதியான கருத்து. கற்பதற்கும் வருடங்கள் வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்து ஒருவர் கிளம்பும்போது என்ன நடக்கிறது என்று அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். திரவ நைட்ரஜன் தொட்டியில் அவருடைய குழாய்கள் இருக்கும், மூடியில் பெயரின் முதல் எழுத்தும் ஒரு தேதியும். எந்தக் குளோன், எத்தனையாவது பாசேஜ் என்பதெல்லாம் அவர் தலையோடு போய்விடும். அடுத்து வருபவர் அந்தக் குழாய்களை நம்ப முடியாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவருக்கும் இரண்டு வருடம்தான்.

இத்தனைக்கும் இந்தத் துறையின் பெரிய திருப்பங்கள் சில போஸ்ட்டாக்குகளின் கையால் நடந்தவை. ஒற்றைச் செல்லின் ஆர்என்ஏவைச் சீக்வென்ஸ் செய்து காட்டிய 2009ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஃபூச்சோ டாங், அப்போது அசீம் சுரானியின் ஆய்வகத்தில் போஸ்ட்டாக். மூளை ஆர்கனாய்டை (ஸ்டெம் செல்லிலிருந்து வளர்க்கும், மூளையை ஒத்த சிறு திசு) 2013இல் வெளியிட்ட மேடலின் லான்காஸ்டர், வியன்னாவில் யூர்கன் நோப்லிக்கின் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்.

"வருடங்களைக் கூட்டினால் குறைந்த சம்பளத்தில் இன்னும் அதிக காலம் உழைக்க வைப்பார்களே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். இப்போதும் பலர் ஐந்தாறு வருடம் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் ஒன்று, ஒன்று, இன்னும் ஒன்று என்று துண்டு துண்டாக. ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் விசா, வாடகை வீடு, குழந்தையின் பள்ளி எல்லாம் ஒரு கையெழுத்துக்காகக் காத்து நிற்கும். நான் கேட்பது முதல் நாளிலேயே எழுதிக் கொடுக்கப்பட்ட ஐந்து வருடம், வருடா வருடம் உயரும் சம்பளத்தோடு. அதோடு, செல் லைன்களை வங்கியாக உறையவைத்து ஜீனோமைச் சோதித்துக் கொடுக்கும் நிரந்தரப் பணியாளர்கள். ஸ்டெம் செல் ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2023இல் இதற்கான தரநிலைகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றைக் கடைப்பிடிக்க ஆளும் நேரமும் சேர்த்து நிதி கொடுங்கள் என்று நிதி நிறுவனங்களிடம் கேட்க வேண்டும்.

நேர்காணலுக்குப் போகும் இளையவர்கள் மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் வேலை செய்யப்போகும் செல் லைனின் ஜீனோமைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? எனக்கு முன்னால் இதில் இருந்தவர் ஏன் போனார்? நான் கிளம்பும் நாளில் வேலை முடியாமல் இருந்தால் கட்டுரையில் என் இடம் என்ன? மூன்றாவதற்கான பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.