காலியாக இருப்பதுதான் அதன் வேலை

நேற்றிரவு நம் குழுவில் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களால் இனிப் பார்க்கவும் முடியாது. படத்தை நீக்கிவிட்டார்கள், அதற்குப் பதிலாக என்னைப் பற்றித் தனியாக ஒரு பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே நானும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிவிடுகிறேன்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளித் தீமிதி முடிந்து டர்பனுக்குத் திரும்பிய ஒரு குடும்பம், என்3 நெடுஞ்சாலையின் இறக்கத்தில், பிரேக் போன லாரிகள் புதைந்து நிற்பதற்கென்று வெட்டிக் கூழாங்கல் நிரப்பி வைத்திருக்கும் அரெஸ்டர் பெட் என்ற படுகையின் வாயில் ஒரு பக்கியையும் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) இரண்டு கார்களையும் நிறுத்திவிட்டு, பாய் விரித்துப் புளிச்சோறும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கூலர் பெட்டி அறிவிப்புப் பலகையின் காலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு சிறு பிள்ளை அந்தக் கூழாங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே எல்லாரும் இதயம் போட்டிருந்தார்கள். நான் இரண்டே வரி எழுதினேன்: "தயவுசெய்து அங்கே நிற்காதீர்கள். அந்த இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும்." அவ்வளவுதான். அதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட மறுமொழிகள். சாமி கும்பிட்டு வந்தவர்கள் மேல் கண் வைத்தேனாம். 'வேண்டும்' என்பதில் இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பாகி 'வெண்டும்' என்று விழுந்துவிட்டதற்குச் சிரித்தவர்கள் மூன்று பேர். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மாலைநேரத் தமிழ்ப் பள்ளியில் பெஞ்சு தேய்த்துக் கற்ற தமிழ் என்னுடையது. சிரித்தவர்களில் இருவர் என் பக்கத்து பெஞ்சு.

அது இளைப்பாறும் இடம் அன்று. சாலைத்துறை அழகுக்காகக் கொட்டி வைத்த கல்லும் அன்று. நம் நாட்டுச் சட்டம் ஒரு லாரியைச் சரக்கோடு சேர்த்து 56 டன் வரை அனுமதிக்கிறது. அந்த 56 டன் வெறும் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய 160 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்காவிட்டால், அந்தச் சூடு முழுவதும் பிரேக் டிரம்முக்குத்தான் போகும். டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங் பிடியை இழக்கும், மிதிக்க மிதிக்கப் பிரேக்கை இயக்கும் காற்றழுத்தம் குறையும், அந்த வேகத்தில் கீழ்க் கியரும் விழாது. அதன் பிறகு ஓட்டுநரின் கையில் ஸ்டியரிங்கும் ஹார்னும் மட்டுமே மிஞ்சும். அந்த மனிதனுக்காக வைத்த கல்தான் அது.

கல்லையும் சும்மா கொட்டவில்லை. உடைத்த ஜல்லி ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு தரைபோல் இறுகிவிடும் என்பதால், ஒரே அளவான உருண்டைக் கூழாங்கல்லாகப் பார்த்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிரப்புகிறார்கள். தார்ச்சாலை, உருளும் சக்கரத்தை ஒரு டன் எடைக்குச் சுமார் 12 கிலோ அளவுக்கே தடுக்கிறது; இந்தக் கூழாங்கல் 250 கிலோ அளவுக்குத் தடுக்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி சமமான படுகையில் 230 மீட்டருக்குள் புதைந்து நின்றுவிடும். அதே லாரியைச் சமமான தார்ச்சாலையில் தானாக நிற்கட்டும் என்று விட்டால் நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லாரி எடுத்த எடுப்பிலேயே மூக்கு குத்திக் கவிழாமலிருக்க, படுகையின் வாயில் கல்லின் ஆழம் சில அங்குலம்தான் இருக்கும்; போகப் போகத்தான் ஆழமாகும். அந்தக் குடும்பத்தின் கார்கள் புதையாமல் சொகுசாக நின்றதற்குக் காரணம் அதுதான். லாரி எந்த இடத்தில் நுழைய வேண்டுமோ, மிகச் சரியாக அந்த இடத்தில் பாய் விரித்திருக்கிறார்கள்.

"அக்கா, அஞ்சு நிமிஷம்தானே நின்னாங்க?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அந்த வேகத்தில் ஐந்து நிமிடம் என்பது 10 கிலோமீட்டர், தம்பி. மலையின் உச்சியில் பிரேக் போன லாரி அடிவாரம் வந்து சேர அதில் பாதி நேரம்கூட வேண்டாம். "லாரி வந்தா எழுந்து ஓட மாட்டோமா?" என்று வேறொருவர். நொடிக்கு 33 மீட்டர். வளைவில் லாரி 200 மீட்டர் தூரத்தில் கண்ணில் பட்டால், உங்களிடம் இருப்பது ஆறு நொடி. படத்தில் பாயின் நடுவே கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஆயாவுக்கு எழுந்து நிற்கவே அதைவிட அதிக நேரம் ஆகும். நீங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியே விட்டதாக வைத்துக்கொள்வோம். மூன்று வண்டிகளையும் யார் தூக்குவது? லாரிக்காரன் எங்கே போவது?

பிள்ளைக்கு வாந்தி வந்ததால் நிறுத்தினார்கள் என்று அந்த வீட்டுப் பெண் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வதை நம்புகிறேன். பிள்ளை பெற்றவள்தான் நானும். சாலையோர விளிம்பில் நிறுத்தியிருந்தால் ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் வாந்தி எடுத்த பிள்ளை கோபுரம் கட்டத் தொடங்கிய பிறகும் பாயைச் சுருட்டவில்லையே, அதற்கு என்ன பதில் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

"நீ லாரி ஓட்டினாயா?" என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். பெரியவர் என்பதால் மரியாதையோடு சொல்கிறேன், ஓட்டவில்லை ஐயா. கிளேர்வுட்டில் ஒரு லாரி முற்றத்து அலுவலகத்தில் 11 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். 2013 செப்டம்பர் 5 அன்று பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு லாரி நிற்க முடியாமல் வந்து, ரோபோ (போக்குவரத்து விளக்கு) சந்திப்பைக் கடந்துகொண்டிருந்த மினிபஸ் டாக்சிகளின் மேல் ஏறியபோது நானும் உங்களைப் போலத்தான் அந்தக் காணொளியைக் கைப்பேசியில் பார்த்தேன். 24 பேர் போனார்கள். அதே ஆண்டு மே 3 அன்று மொரிஷியஸில் சொரேஸ் இறக்கத்தில் பிரேக் போன பேருந்தில் 10 பேர் போனார்கள். அன்று மெழுகுவர்த்தி ஏற்றிப் படம் போட்டவர்கள் பெயரெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அவர்களில் சிலர்தாம் நேற்று அந்தப் படத்துக்கும் இதயம் போட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். "பிரேக்கைப் பார்க்காமல் லாரியை அனுப்பும் முதலாளியைக் கேட்காமல், சோறு தின்னும் குடும்பத்தைக் கேட்கிறாயே?" நியாயமான கேள்வி. நான் கேட்கவில்லை என்பதும் உண்மை. இன்று மட்டுமன்று, அன்றும் கேட்கவில்லை.

அந்த முற்றத்தில் ஒரு ஜூலு ஓட்டுநர் இருந்தார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை 'மா' என்பார், நான் அவரை 'பாபா' என்பேன். ஒரு விடியற்காலையில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. "மா, நான் கல்லுக்குள் இருக்கிறேன்" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் குரலுக்குப் பின்னால் சூடான இரும்பு ஆறும்போது கேட்கும் டிக், டிக் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சோளம் ஏற்றி வந்த இன்டர்லிங்க் (இரண்டு டிரெய்லர் கோத்த லாரி), அச்சு வரை புதைந்து நின்றிருந்தது. அவருக்கு ஒரு கீறல் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சோளத்தை வேறு லாரிக்கு மாற்றி, இரண்டு மீட்பு வண்டிகள் இழுத்து, அதை வெளியே கொண்டுவர அன்றைய பகல் முழுவதும் ஆயிற்று.

அந்த மீட்புச் செலவை முதலாளி ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்தார். ஆறு மாதம். பிரேக்கைச் சரிபார்க்கச் சொல்லி அவர் அதற்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்த சீட்டு என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துக் காட்டவில்லை. மாதக் கடைசியில் 'பிடித்தம்' என்ற கட்டத்தில் தொகையை எழுதியது என் கைதான். வேறு ஓட்டுநர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லுக்குள் போனால் சம்பளம் போகும் என்று கற்றுக்கொண்ட ஓட்டுநர், அடுத்த முறை வாயருகே வரும்போது ஒரு நொடி யோசிப்பானா மாட்டானா? அந்த ஒரு நொடி 33 மீட்டர். முதலாளியை ஏன் கேட்கவில்லை என்று என்னைக் கேட்டவர், நான் இத்தனை ஆண்டுகளாக என்னையே கேட்டுக்கொண்டிருப்பதைத்தான் கேட்டிருக்கிறார். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் அதற்காகப் பாயை மன்னித்துவிட முடியாது. முதலாளி பிரேக்கைப் பார்க்கவில்லை, அலுவலகத்துக்காரி வாயைத் திறக்கவில்லை, ஓட்டுநர் கியரைத் தாமதமாக மாற்றினார் என்று ஆளுக்கொரு தவறு செய்து முடித்த பிறகு கடைசியாக மிஞ்சுவது அந்தக் கல் ஒன்றுதான். எல்லாரும் கைவிட்ட பிறகு பிடிப்பதற்கென்று இருக்கும் கை அது. அதிலும் நாம் போய் உட்கார்ந்துகொண்டால் எப்படி? நான் எதையும் புதிதாகக் கட்டச் சொல்லவில்லை, காசு கேட்கவில்லை, கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. காலியாக இருப்பதுதான் அதன் வேலை. அதைக் காலியாக விடுங்கள் என்று மட்டும்தான் சொன்னேன். அதற்குத்தான் "வயிற்றெரிச்சல்காரி".

பிடித்தம் தொடங்கிய முதல் மாதம், சம்பள உறையை வாங்க வந்த பாபா என் மேசைக்கு முன்னால் நின்று அதை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். நான் தலை நிமிரவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, "அன்றைக்கு எப்படி அதற்குள் நுழைக்கத் துணிந்தீர்கள்?" என்று கேட்டேன். கீழே சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசையாக நிற்பது மேலிருந்தே தெரிந்ததாம். அவர் உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "காலியாக இருந்தது மா, நுழைத்துவிட்டேன்" என்றார்.